ஐப்பசி, கார்த்திகையில் மழலையருக்கான விருந்து விளையாட்டுகள்: இலையுதிர் காலத்தை நம் ஊரில் எப்படி ஆடுவது?

கிருஷ்ணகிரி_தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குக் கார்த்திகை மாதத்தில் 5 வயது நிறைகிறது. அவள் படிக்கும் மழலையர் பள்ளியில் பருவங்களைப் பற்றிய பாடம் நடப்பதால், சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் கொட்டிக் கிடக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, தன் பிறந்தநாளும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். தெருப் பிள்ளைகளும் பள்ளித் தோழர்களுமாகப் பதினைந்து குழந்தைகள் வரை வருவார்கள். எல்லோரும் 3 வயதுக்கும் 6 வயதுக்கும் இடைப்பட்டவர்கள்.

இணையத்தில் தேடியபோது தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வுவது, பரங்கிக்காயின் மேல் வளையம் எறிவது, இலைக் குவியலில் குதிப்பது, வயல் பொம்மைக்கு உடை மாட்டுவது, கயிற்றில் தொங்கும் இனிப்பைக் கையால் தொடாமல் உண்பது போன்ற விளையாட்டுகள் கிடைத்தன. அவற்றில் எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எதை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அந்த மாதத்தில் இங்கு எப்போது வேண்டுமானாலும் மழை பெய்யும் என்பதால், வீட்டுக் கூடத்தையும் தகரக் கூரை போட்ட மொட்டை மாடியையும் மட்டுமே நம்பியிருக்கிறேன்.

ஓசூர்_மழலையாசிரியை

வாழ்த்துகள் சகோதரி. எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தாலும், இந்த வயதுக் குழந்தைகளுக்கு "நீ தோற்றுவிட்டாய், வெளியே போய் உட்கார்" என்னும் விதி ஒத்துவராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக் குழந்தைக்குத் தன் முறை வரும்வரை காத்திருப்பதே பெரிய வேலை. அதிலும் ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டால், அந்தக் குழந்தை அழும், அல்லது எழுந்து வேறு பக்கம் ஓடிவிடும், அதைத் தொடர்ந்து இன்னும் நான்கு பேர் ஓடுவார்கள். ஒவ்வோர் ஆட்டத்தையும் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நன்றாகப் போகும்போதே நிறுத்திவிடுவது நல்லது.

இரண்டாவதாக, இலையுதிர் காலம் என்றதும் நாமும் சிவப்புக் காகிதத்தில் வெளிநாட்டு இலைகளை வெட்டி ஒட்டத் தொடங்கிவிடுகிறோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கேழ்வரகு அறுவடை நடக்கிறது, ஆடிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலை வீட்டுக்கு வருகிறது, சாமந்தி பூக்கிறது, கார்த்திகை முடிவில் அவரையும் வரத் தொடங்குகிறது. விளையாட்டுப் பொருள்களை அங்கிருந்தே எடுத்தால், குழந்தை அடுத்த நாள் சாலையோர வயலைப் பார்க்கும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

நான் வகுப்பில் ஆடவைக்கும் ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். தினைப்புனத்தில் கதிர் கொத்த வரும் கிளிகளைப் பரண் மேல் நின்று "ஆலோலம்" என்று கூவி விரட்டியதை வள்ளியின் கதையில் கேட்டிருப்போம். அதையே ஆட்டமாக்கியிருக்கிறோம். நடுவில் ஒரு பழைய போர்வையை விரித்து, அதன் மேல் மஞ்சள் காகிதத்தைப் பெரிய உருண்டைகளாகக் கசக்கிப் போட வேண்டும். அதுதான் கொல்லை. கூடத்தின் ஒரு மூலையில் பச்சைப் புடவையை விரித்தால் அது மரம். ஒரு குழந்தையை உறுதியான முக்காலியின் மேல் உட்காரவைத்தால் அது பரண். மற்றவர்கள் எல்லோரும் கிளிகள். நாம் தட்டை மெதுவாகத் தட்டும்போது கிளிகள் சிறகடித்துக்கொண்டே கொல்லைக்குள் வந்து ஒரு கையால் உருண்டைகளைப் பொறுக்கும். பரணில் இருக்கும் குழந்தை தனக்குத் தோன்றும் நேரத்தில் "ஆலோலம்!" என்று கூவியதும் எல்லாக் கிளிகளும் மரத்துக்குப் பறந்துவிட வேண்டும். பிடிபட்டவர், தோற்றவர் என்று எவரும் இல்லை. இரண்டு முறை கூவியபின் அடுத்த குழந்தை பரண் ஏறும். வகுப்பில் பேசவே தயங்கும் குழந்தைகள்கூடப் பரணில் உட்கார்ந்ததும் தொண்டை கிழியக் கூவுவதைப் பார்த்திருக்கிறேன். தன் ஒரு சொல்லுக்குப் பதினான்கு பேர் ஓடுகிறார்கள் என்பது அந்த வயதில் சிறிய இன்பமன்று.

வயல் பொம்மைக்கு உடை மாட்டும் ஆட்டத்தையும் இதனோடு சேர்க்கலாம். இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டி வைக்காமல், மூங்கில் கழிகளைக் குறுக்காகக் கட்டி, அப்பாவின் பழைய சட்டை, துண்டு, வைக்கோல், சுண்ணாம்பால் கண் வரைந்த சட்டி ஆகியவற்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, எல்லோரும் சேர்ந்து ஒரே சோளக்கொல்லை பொம்மையைச் செய்யட்டும். சட்டியை மட்டும் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பொம்மையே பரணுக்கு அருகில் காவலாக நிற்கும்.

காவேரிப்பட்டினம்_தந்தை

ஆசிரியையின் ஆட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒரு தந்தையாக என் கருத்து சற்று வேறு. அந்தக் குழந்தை கேட்டது தான் படத்தில் கண்டதை. அவளுடைய பிறந்தநாளில், அவள் கேட்டதைக் கொடுக்காமல், நாம் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பதைக் கொடுப்பது சரியா? உலகத்தின் வேறு பகுதியில் வேறு வகையான பருவம் இருக்கிறது என்று ஒரு குழந்தை வியந்து பார்ப்பதில் என்ன குறை? சிவப்புக் காகித இலைகளைக் கூடம் முழுவதும் தொங்கவிடுவதில் செலவும் இல்லை, தீங்கும் இல்லை. நம் மண்ணின் அடையாளம் என்னும் சுமையை ஐந்து வயதுப் பிறந்தநாளின் மேல் ஏற்ற வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

இங்கிலாந்துவாழ்_பாலக்கோட்டான்

காவேரிப்பட்டினத்து நண்பரின் கேள்வி நியாயமானது. அந்தப் படத்தில் இருக்கும் நாட்டில் வாழ்கிறவன் என்ற முறையில், இங்குள்ள குழந்தைகள் இந்தப் பருவத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

இங்கு செப்டம்பர் முடிவிலிருந்து குதிரைக் கஷ்கொட்டை மரத்தின் அடியில் முள் உறை வெடித்துப் பளபளப்பான பழுப்புக் கொட்டைகள் விழுந்து கிடக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கால்சட்டைப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். கொட்டையில் துளையிட்டு, கயிற்றில் கோத்து, ஒருவர் தொங்கவிட்டுப் பிடிக்க மற்றவர் தன் கொட்டையால் ஓங்கி அடிப்பார். எவருடைய கொட்டை உடையாமல் நிற்கிறதோ அவர் வென்றவர். கான்கர்ஸ் எனப்படும் இந்த ஆட்டத்துக்கு நார்தாம்ப்டன்ஷயரில் உலகப் போட்டியே நடக்கிறது. அது 1965-இல் ஆஷ்டன் என்னும் சிற்றூரில் தொடங்கியது. நம் தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பதால் எனக்கு அந்த ஆண்டு மறப்பதில்லை.

ஆப்பிளைக் கவ்வும் ஆட்டமும் அப்படிப்பட்டதே. ஆப்பிள் அறுவடையாகி மலிந்து கிடக்கும் காலம் இது. அந்தப் பழத்தின் கன அளவில் ஏறத்தாழக் கால் பங்கு காற்று என்பதால் அது தண்ணீரில் மிதக்கிறது. மிதப்பதால்தான் அந்த ஆட்டமே பிறந்தது. பரங்கிக்காயும் அறுவடைக் காலப் பொருள், வயல் பொம்மையும் அறுவடைக் காலப் பொருள். இங்குள்ளவர்கள் கடையில் வாங்கி இந்த ஆட்டங்களை உண்டாக்கவில்லை. காலடியில் விழுந்ததையும் களத்துக்கு வந்ததையும் எடுத்து ஆடினார்கள். ஆகவே கிருஷ்ணகிரியில் ஒருவர் நிலக்கடலையையும் அவரையையும் எடுத்து ஆடவைத்தால், இங்குள்ளவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்கிறார். தொங்கும் காகித இலைகளுக்கு நானும் எதிரி இல்லை. அவை சுவரில் இருக்கட்டும், குழந்தையின் கைக்குள் இருப்பது மெய்யான பொருளாக இருக்கட்டும்.

தேன்கனிக்கோட்டை_தாவரவியல்

இலைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சளும் ஆரஞ்சும் தெரிகின்றன. சில மரங்களில் ஆந்தோசயனின் புதிதாக உருவாகிச் சிவப்பைத் தருகிறது. நம் பக்கத்துக் காடுகளிலும் இலையுதிர் மரங்களே மிகுதி, ஆனால் அவை உதிர்ப்பது குளிருக்காக அன்று, வறட்சியில் நீரைச் சேமிப்பதற்காக. எனவே பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டிப் பக்கத்து மரங்கள் தை, மாசி, பங்குனியில்தான் வெறுமையாக நிற்கும். கார்த்திகையில் மழை குடித்துப் பச்சையாகவே இருக்கும்.

ஆனாலும் உங்கள் மகளுக்குச் சிவப்பு இலை வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பள்ளி வளாகங்களிலும் வீட்டு வாசல்களிலும் நிழலுக்காக வளர்க்கும் பாதாம் மரம், அதாவது நாட்டு வாதுமை, இலையை உதிர்க்கும் முன் செம்பு நிறத்திலிருந்து கருஞ்சிவப்பு வரை மாறும். ஒரே நேரத்தில் மரம் முழுவதும் சிவக்காவிட்டாலும், அடியில் தேடினால் சில சிவந்த இலைகளாவது பெரும்பாலும் கிடைக்கும். பூவரசு இலை பளிச்சென்று மஞ்சளாகப் பழுக்கும். அரச இலைக்குக் கூரிய வால் உண்டு, தேக்கிலை முறம் அளவுக்கு விரியும், வேம்பின் சிற்றிலை ரம்பம் போல் விளிம்பு கொண்டது. இவற்றில் ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டு எடுத்துக் கழுவித் துடைத்து, ஒன்றைக் கம்பளத்தில் பரப்பி மற்றதைக் குழந்தையின் கையில் கொடுத்து "இதன் இணையைத் தேடி வா" என்றால் போதும். மூன்று வயதுக் குழந்தை நிறத்தைப் பார்த்துத் தேடும். ஐந்து வயதுக் குழந்தை விளிம்பையும் நரம்பையும் பார்க்கும். ஒரே ஆட்டத்தில் இரு வயதினரும் தத்தம் அளவில் ஆடலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வகையை ஆறு வயதினருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குலைகுலையா முந்திரிக்காய் ஆட்டத்தில் துணிக்குப் பதிலாகத் தேக்கிலையை வைத்து ஆடலாம். முதுகுக்குப் பின்னால் வைக்கும்போது உலர்ந்த இலை சரசரக்கும், அந்த ஒலியைக் கேட்டே குழந்தைகள் திரும்பிவிடுவார்கள் என்பதால் ஆட்டத்துக்குப் புதிய நுட்பம் ஒன்று வந்துவிடுகிறது. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து கொடுப்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை. பச்சை இலையாக இருக்க வேண்டும், பழுத்த இலை ஊதாது.

தருமபுரி_குழந்தைநலம்

நான் குழந்தை மருத்துவர். இந்த இழையில் சொல்லப்படும் ஆட்டங்கள் மகிழ்ச்சி தருகின்றன என்றாலும், சில செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே அண்டாத் தண்ணீரில் பல குழந்தைகள் வாயை வைப்பது வேண்டாம். இந்த வயதில் பரவும் கை, கால், வாய் நோய் போன்றவை எச்சில் வழியாக எளிதில் தொற்றும். அதோடு, குனிந்த நிலையில் முகத்தை நீருக்குள் விடுவதே சிறு குழந்தைகளுக்கு ஆபத்து. ஆப்பிளும் தண்ணீரும் வேண்டும் என்றால், வடிகரண்டியால் மீன் பிடிப்பது போல் அள்ளி எடுக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அண்டாவை உடனே கவிழ்த்துவிட வேண்டும்.

கயிற்றில் முறுக்கையோ பன்னையோ தொங்கவிட்டு உண்ணும் போட்டியை 5 வயதுக்குக் கீழ் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓடும்போதும் குதிக்கும்போதும் சிரிக்கும்போதும் வாயில் உணவு இருப்பதுதான் புரையேறுவதற்கு வழி. உணவை உட்கார்ந்து உண்ணும் நேரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நிலக்கடலை நம் மாவட்டங்களின் விளைபொருள் என்பது உண்மை. குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் பொருள்களில் முன்னணியில் இருப்பதும் அதுவே. அந்த வயதில் அரைத்து மெல்லும் திறன் முழுமையாக வருவதில்லை, மூச்சுக்குழாயும் குறுகலானது. எனவே பருப்பாக உடைத்த கடலையை விளையாட்டுப் பொருளாக வைக்க வேண்டாம். ஓட்டோடு இருக்கும் பெரிய கடலையை, ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது, 4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம். ஊதாத பலூன்களும் உடைந்த பலூன் துண்டுகளும் அதே அளவு ஆபத்தானவை, பிறந்தநாளில் அவற்றை எவரும் கவனிப்பதில்லை.

விதைகளைச் சேர்க்கும்போது அழகுக்காகக் குன்றிமணியைச் சேர்க்காதீர்கள். கடித்து உடைத்தால் ஒரு விதைகூடக் கொடிய நஞ்சாகலாம். ஆமணக்கு விதையும் அப்படித்தான். பொன்னரளிக் கொட்டையை வைத்துப் பிள்ளைகள் ஆடுவதைச் சிற்றூர்களில் பார்க்கிறேன். அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. இலை பொறுக்கும்போது பார்த்தீனியச் செடியைத் தொடாமல் இருக்கட்டும். இலைக் குவியலில் குதிப்பது நம் ஊரில் மழைக்காலத்துக்கு ஏற்றதன்று. ஈர இலைக்கு அடியில் தேளும் பூரானும் ஒதுங்கும், செந்தேள் கடி சிறு குழந்தைக்கு உயிராபத்தாகலாம். இலைகளை முந்தைய நாளே கொண்டுவந்து, வெள்ளைத் துணியில் உதறி, உலர்த்தி, அதன்பின் தரையில் மெல்லிதாகப் பரப்பி அதன்மேல் நடக்கவிடுங்கள்.

எவருக்காவது புரையேறி இருமினால் இருமவிடுங்கள், அதுவே பொருளை வெளியே தள்ளும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, அது உள்ளே தள்ளிவிடும். மூச்சுவிட முடியாமலும் ஒலி எழுப்ப முடியாமலும் திணறினால் தாமதிக்காமல் 108-ஐ அழைத்து, முதலுதவி தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். வந்திருக்கும் பெரியவர்களில் அந்த முதலுதவி தெரிந்தவர் எவர் என்று விருந்துக்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அரூர்_பாட்டி

டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா. குன்றிமணியை நாங்களும் பல்லாங்குழியில் போட்டு ஆடினோம் என்பதற்காக அதை இந்தக் காலத்துக்குக் கொண்டுவர வேண்டாம். புளியங்கொட்டை இருக்கிறதே. ஐந்தரை, ஆறு வயதுக் குழந்தைகள் நான்கு பேர் இருந்தால், பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்துக் குழிக்கு ஐந்தாகப் போட்டுக் கொடுங்கள், எண்ணுவது தானாக வரும். பொடிசுகளிடம் அந்தக் கொட்டையையும் கொடுக்கக் கூடாது.

பொடிசுகளுக்குக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்தான். தாம்பாளத்திலோ பெரிய முறத்திலோ ஈர மணலை நீளமாகக் கரை கட்டி, அதற்குள் கை விரல் நீளத்துக்கு ஒரு குச்சியை ஒளித்துவைக்க வேண்டும். எதிரில் இருக்கும் குழந்தை இரண்டு கையையும் கோத்து எந்த இடத்தில் பொத்துகிறதோ அந்த இடத்தில் குச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழை பெய்தாலும் கூடத்திலேயே ஆடலாம்.

இந்தப் பருவத்துக்கென்றே நம் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றை எவரும் சொல்லவில்லை. அவரைக்கொட்டையை முந்தைய நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தோலைப் பிதுக்கிப் பருப்பெடுத்துக் குழம்பு வைப்போம் அல்லவா? பச்சை அவரை வருகிற நாள்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெண்களும் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து பிதுக்குவோம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், தோல் கையிலேயே நின்றுவிடும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் போய் விழும். சில நேரம் எதிரில் இருப்பவரின் மடியில் விழும். அதற்குத்தான் பிள்ளைகள் அவ்வளவு சிரிப்பார்கள். பெரிய பித்தளைத் தாம்பாளத்தை நடுவில் வைத்து நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை உட்காரவையுங்கள். பருப்பு விழும் ஓசை கேட்க வேண்டும், அதனால் எவர்சில்வர் குண்டானைவிடத் தாம்பாளம் நல்லது. பச்சையாக வாயில் போட்டுக்கொள்ளாமல் ஒருவர் கண்காணிக்க வேண்டும். அன்று இரவு அதே பருப்பில் குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்குப் போடுங்கள். தான் பிதுக்கிய பருப்பு என்றால் சோறு தானாக இறங்கும்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். கேழ்வரகையோ நெல்லையோ தரையில் கொட்டிக் காலால் மிதிக்கவிடாதீர்கள். முறத்தில் வைத்துக் கையால் துழாவட்டும், அதில் குற்றமில்லை. மிதிபடும் இடத்தில் தானியம் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

ஓசூர்_மழலையாசிரியை

பாட்டி சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். வகுப்பில் கேழ்வரகை விளிம்பு உயர்ந்த தட்டில்தான் போடுகிறோம். அதில் விரலால் கோடு இழுப்பதும், உள்ளே புதைத்த மரப் பொம்மைகளைத் தேடுவதும், ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரண்டியால் மாற்றுவதும் மூன்று வயதினரை அமைதியாக உட்காரவைக்கும். தானியம் கடுகளவே இருப்பதால் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். முடிந்ததும் சலித்து, களைந்து, உலர்த்தி மாவாக்கிவிடலாம். முழுக் கதிர் நான்கைந்து கிடைத்தால் கட்டாயம் வாங்கி வையுங்கள். விரல்களை மடக்கிய கை போல் இருக்கும் அந்தக் கதிரைப் பார்த்ததும் குழந்தைகள் தங்கள் கையை மடக்கி அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், நாம் சொல்ல வேண்டியதே இல்லை.

தகடூர்_வாசகி

தருமபுரியில் இருந்துகொண்டு நெல்லிக்கனியைச் சொல்லாமல் போனால் எப்படி? அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை இந்த ஊரின் கதை, நெல்லிக்காய் சந்தைக்கு வரத் தொடங்குவதும் இந்தக் காலத்தில்தான். எலுமிச்சையைக் கரண்டியில் வைத்து நடக்கும் பழைய ஆட்டத்தில் எலுமிச்சைக்குப் பதிலாகப் பெரிய நெல்லிக்காயை வையுங்கள். கூடத்தின் மறுகோடியில் ஒரு பாட்டி ஔவையாக உட்கார்ந்திருக்கட்டும். ஒவ்வொரு குழந்தையும் அதியமானாகி, கரண்டியில் இருக்கும் கனியை விழாமல் கொண்டுபோய் ஔவையின் கையில் கொடுக்க வேண்டும். விழுந்தால் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி நடக்கலாம். வேகத்துக்கு இதில் மதிப்பில்லை. ஔவை ஒவ்வொருவரின் தலையிலும் கை வைத்து "நீடு வாழ்க" என்று வாழ்த்துவார். இதைப் போட்டியாக ஆக்காமல் விட்டால், கடைசியாக வரும் குழந்தைக்கும் அதே வாழ்த்து, அதே கைதட்டல் கிடைக்கும். மூன்று வயதினருக்கு ஆழமான குழிக்கரண்டி கொடுங்கள், வழியில் கனியை வாயில் போட்டுக்கொள்ளாமல் ஒரு பெரியவர் கூடவே நடக்கட்டும்.

பரங்கிக்காய் வளைய ஆட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வளையம் வாங்க வேண்டாம். பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை சந்தையில் கிடைக்கும். கயிற்றால் ஆனதால் காலில் விழுந்தாலும் வலிக்காது, பரங்கிக்காயின் காம்பில் மாட்டினால் நழுவாமல் நிற்கும். சாமந்தியோ செண்டுமல்லியோ ஆயுத பூசை முடிந்தபின் விலை இறங்கிவிடும். ஒரு கூடை வாங்கினால் பூவை எறிந்து கூடையில் போடும் ஆட்டத்துக்கு ஆகும், மிச்சத்தை மஞ்சள் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம் என்று பிரிக்கவைக்கலாம்.

காவேரிப்பட்டினம்_தந்தை

பாலக்கோட்டு நண்பர் சொன்ன விளக்கத்துக்குப் பின் என் தயக்கம் பெருமளவு குறைந்தது. காகித இலைகளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவற்றோடு கார்த்திகைக்கு உரிய மாவலியையும் சேர்க்கச் சொல்கிறேன். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் கட்டி, பனைமட்டைகளுக்கு நடுவே வைத்து நெருப்பேற்றிச் சுற்றினால் பொறி பறக்கும். அதைப் பெரியவர்கள் தீபத்தன்று செய்யட்டும். குழந்தைகளுக்கு ஒரு முழக் குச்சியின் நுனியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறக் காகித நாடாக்களைக் கொத்தாகக் கட்டிக் கொடுத்து மொட்டை மாடியில் சுற்றவிட்டால் அதே வட்டம் கிடைக்கும். கயிற்றில் கட்ட வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடும். குச்சியின் இரு நுனியிலும் துணி சுற்றி, ஒருவர் மேல் ஒருவர் இடிக்காதபடி தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு ஆளுக்கு ஒரு வட்டத்துக்குள் நிற்கவையுங்கள்.

பரிசு குறித்து எவராவது சொல்லுங்கள். வென்றவருக்கு மட்டும் பரிசு என்றால் மற்றவர்கள் முகம் வாடிவிடுகிறது, எல்லோருக்கும் ஒரே பரிசு என்றால் ஆறு வயதுப் பிள்ளைகள் ஏன் ஆடினோம் என்று கேட்கிறார்கள்.

கிருஷ்ணகிரி_தாய்

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஆப்பிள் அண்டாவையும் தொங்கும் இனிப்பையும் இலைக் குவியலையும் நீக்கிவிட்டேன். ஆலோலம், இலை இணை, நெல்லிக்கனி, பிரிமணை வளையம், அவரை பிதுக்குதல் ஆகிய ஐந்தை வைத்துக்கொள்கிறேன். பாதாம் இலைகளை மகளோடு சேர்ந்து பொறுக்கி வர முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. எந்த ஆட்டத்தை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது? வரும் குழந்தைகளில் ஒருவனுக்குக் காலில் தாங்கி மாட்டியிருக்கிறார்கள். மெதுவாக நடப்பான், ஓட முடியாது. அவனுக்கென்று தனியாக ஒன்றை வைத்தால் அவன் மனம் நோகும் என்று அவனுடைய அம்மா முன்பே சொல்லியிருக்கிறார்.

ஓசூர்_மழலையாசிரியை

சகோதரி, குழந்தைகள் ஒரே நேரத்தில் வந்து சேர மாட்டார்கள் என்பதால், எவர் எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளக்கூடிய இலை இணையையும் கேழ்வரகுத் தட்டையும் முதலில் வையுங்கள். எல்லோரும் வந்தபின் சோளக்கொல்லை பொம்மையைச் செய்து, அந்தச் சூடு ஆறும் முன் ஆலோலத்தைத் தொடங்குங்கள். ஓடிக் களைத்தவர்களை உட்காரவைக்க அவரை பிதுக்குதல் சரியாக வரும், மூன்று வயதினர் அந்த நேரத்தில் பூக்களைப் பிரிக்கட்டும். வளையத்தை அதன்பின் வையுங்கள். நெல்லிக்கனியை உணவுக்குச் சற்று முன் வைத்தால், ஔவையிடம் வாழ்த்துப் பெற்றவுடன் ஒவ்வொருவராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள், வரிசைக்கு நீங்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தகரக் கூரையில் மழை அடித்தால் "ஆலோலம்" கேட்காது, அன்று பரணில் இருப்பவர் கையில் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்து வீசச் சொல்லுங்கள்.

பரிசு பற்றி அண்ணன் கேட்டார். நான் வெற்றிக்குப் பரிசு கொடுப்பதில்லை. செய்ததை எடுத்துப் போகவிடுகிறேன். தான் தேர்ந்தெடுத்த சிவப்பு இலையை அட்டையில் ஒட்டித் தன் பெயரை எழுதிய குழந்தை, அதை வேறு எதனோடும் ஒப்பிடுவதில்லை. ஆறு வயதினருக்கு அந்த இலையின் மரம் எது என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கு வேலை கூடும், பெருமையும் கூடும்.

காலில் தாங்கி அணிந்த குழந்தைக்குத் தனி ஆட்டம் வேண்டவே வேண்டாம். ஆலோலத்தில் மரத்தை நீங்கள் எங்கு விரிக்கிறீர்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். புடவையை மூலையில் விரிக்காமல் கொல்லைக்கு இரண்டு அடி தூரத்தில் சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் விரித்துவிடுங்கள். கிளிகள் பறந்து போகும்போது சிறகை விரித்து நடக்கத்தான் வேண்டும், ஓடினால் சிறகு மடங்கிவிடும் என்று எல்லோருக்கும் ஒரே விதி சொல்லுங்கள். அப்போது அவனும் மற்றவர்களோடு சேர்ந்தே மரத்தை அடைவான். பரண் முறை அவனுக்கு வரும்போது முக்காலியை நீக்கிவிட்டு, கை வைத்த, சாய்மானம் உள்ள நாற்காலியைப் போடுங்கள். முதல் முறையிலிருந்தே எல்லோருக்கும் அதே நாற்காலியாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது. நெல்லிக்கனி ஆட்டத்தில் மெதுவாக நடப்பவனின் கனிதான் விழாமல் போய்ச் சேரும், அதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விருந்துக்கு முதல் நாள் அவனுடைய அம்மாவிடம் இந்த ஆட்டங்களை ஒருமுறை விவரித்துவிடுங்கள். எங்கே உட்கார வேண்டும், எங்கே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவன் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வருவான்.